ஜில்தாஸ் வண்டிக்கு வந்த பஞ்சர்

சனிக்கிழமை சாயங்காலம் சூப்பு குடித்துக்கொண்டே ஜில்தாஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றினான். நாளை மதியம் சகலை எர்வே வீட்டு விருந்துக்குப் போவதில்லை. முன்மொழிந்தது அவன், வழிமொழிந்தது அவன், கைதட்டியதும் மனதுக்குள் அவன்தான். எதிர்ப்பு இல்லை. எதிரே உட்கார்ந்து ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த மனைவி மரிவோனுக்கு அப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது.

போகாததற்கு இரண்டு காரணம். ஒன்று, எர்வே. மத்தி மீன் டப்பா ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கருங்காலிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட மேஸ்திரி. பிற்பாடு முதலாளி ஆலையை விற்றுத் தின்றுவிட்டான். கதவு இருந்த இடத்தில் இப்போது பாரிஸ்காரர்கள் கோடைக்கு வந்து காற்று வாங்குகிறார்கள். ஜில்தாஸ் நெஞ்சில் மட்டும் அந்தக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது காரணம், அதே ஞாயிறு சாயங்காலம் துறைமுகத் திடலில் இரும்புக் குண்டு எறியும் ஆட்டத்தின் இறுதிப் போட்டி. அணிக்கு மூன்று பேர். அதில் ஒருவன் ஜில்தாஸ். விருந்துக்குப் போய் உட்கார்ந்தால், கடைசியில் பரிமாறும் பாலாடைக்கட்டி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

'வரமாட்டேன்' என்று நேராகவே சொல்லியிருக்கலாம். தொழிற்சங்கத்துக்காக எத்தனையோ முதலாளிகளின் மேசையைக் குத்திப் பேசியவன்தான். ஆனால் அந்த மேசைகளுக்குப் பின்னால் மரிவோன் உட்கார்ந்திருக்கவில்லை. அதுவும் விருந்து அவள் அக்கா அனாயிக்கின் பிறந்தநாளுக்கு.

எனவே நாசவேலை.

ஞாயிறு காலை, எண்ணெய் பார்க்கிறேன் என்று முற்றத்துக்குப் போனான். அங்கே அவன் கார் நின்றது. கார் என்று அவன்தான் சொல்வான். பிரான்சின் மேற்குக் கரையான பிரெட்டன் நாட்டில் லைசென்ஸ் பறிபோனவர்களும் லைசென்ஸே வாங்காதவர்களும் ஓட்டுகிற குட்டி வண்டி அது. புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம், தையல் இயந்திரத்தின் வேகம். முன்பு அவனிடம் பெரிய கார் இருந்தது. சிடர் என்ற ஆப்பிள் மதுவின் திருவிழாவிலிருந்து திரும்பும் வழியில் போலீஸ்காரர் ஊதச் சொன்னார். ஊதினான். லைசென்ஸ் பறந்துவிட்டது.

பின்சக்கரத்தருகே குனிந்தான். வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். டயர் பெருமூச்சு விட்டுப் படுத்தது. கருவிப் பெட்டியில் இருந்த காற்றடிக்கும் பம்பை முயல் கூண்டுக்குப் பின்னால் ஒளித்தான். பிறகு குரல் கொடுத்தான்.

"மரிவோன்! சதி நடந்துபோச்சு! டயர் பஞ்சர்!"

மரிவோன் பச்சை கவுனில், கையில் வெண்ணெய் கேக்கோடு வந்தாள்.

"எப்படி பஞ்சர்? வண்டி ராத்திரி தூக்கத்துல நடந்துச்சா?"

"ஆணி குத்தியிருக்கு."

"ஆணி எங்க?"

"குத்திட்டு விழுந்திருக்கும். ஆணி என்ன, நின்னு பேர் சொல்லிட்டா போகும்?"

"ஸ்டெப்னிய எடுத்து மாட்டு."

"இதுக்கு ஏது ஸ்டெப்னி? எடை கூடிடுமாம், கொடுக்கல. நாலு சக்கரத்துக்கு விலை வாங்கிட்டு அஞ்சாவதுக்குக் கைய விரிக்கிறான். இதத்தான் நான் அம்பது வருஷமா மேடையில சொல்றேன்."

"மேடைய விட்டு இறங்கு. கயிறு கட்டி இழுத்துட்டுப் போகலாமா?"

இந்தக் கேள்விக்காகவே ஜில்தாஸ் காத்திருந்தான். "கயிறா? இது எல்லாம் பிளாஸ்டிக்கு. கயிறு கட்டினா பம்பர் மட்டும் உங்க அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும், வண்டி இங்கயே நிக்கும். டயர் வேற சப்பை. மீறி இழுத்தா உள்ள இருக்கிற பெல்ட்டு கருகிடும். அலுங்காம டிரெய்லர்லதான் தூக்கி வைக்கணும். ஞாயித்துக்கிழமை எவன் வருவான்?"

"எவ்வளவு எடை இருக்கும்?"

"நானூறு கிலோ!" என்றான், தானே பெற்றெடுத்த பிள்ளையைச் சொல்வது போல.

மரிவோன் கேக்கை வண்டிமேல் வைத்துவிட்டுக் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள். நிமிர்ந்தாள்.

"அப்போ நீ என்ன செய்யப்போற?"

"வேற வழி? உங்க அக்காவ வந்து உன்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நான் வண்டிய விட்டு ஒரு அடி நகர மாட்டேன். இது என் முடிவு."

"வண்டிய விட்டு நகர மாட்டே?"

"மாட்டேன்."

"யார் கூப்பிட்டாலும்?"

"தொழிலாளி வர்க்கமே திரண்டு வந்து கூப்பிட்டாலும்!"

"சரி" என்று அவள் உள்ளே போய் டெலிபோனை எடுத்தாள்.

ஜில்தாஸ் குண்டுகளை எடுத்துத் துணியால் துடைத்தான். அவள் கிளம்பியதும் திடலுக்கு நடந்தே போய்விடலாம். முகம் அந்தக் குண்டில் பளபளவென்று தெரிந்தது. வெற்றி பெற்றவன் முகம்.

துடைத்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் படகு ஏற்றும் டிரெய்லர். இறங்கியது எர்வே.

"என்ன சகலை, பஞ்சராமே? மரிவோன் சொன்னா. படக இறக்கிட்டு டிரெய்லரக் கொண்டாந்துட்டேன்."

அடுத்து வந்தவர்களைப் பார்த்ததும்தான் ஜில்தாஸின் கையிலிருந்த துணி விழுந்தது. அவனுடைய அணிக்காரன் ஃபாஞ்ச், கூடவே திடல் தோழர்கள் நாலு பேர்.

"தோழர் ஆபத்துல இருக்கார், வாய்விட்டுக் கேக்க மாட்டார்னு மரிவோன் சொன்னாங்க. கேட்டுட்டுச் சும்மா இருப்போமா?" என்றான் ஃபாஞ்ச்.

இங்கே மரிவோனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் அதே ஆலையில் தலைமுடி நரைக்கும் வரை டப்பாவில் மத்தி அடுக்கியவள். எது எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் மூடி மூடும் என்பது அவள் கண்ணுக்குத் தெரியும். வாசற்படியில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பலகைய முதல்ல போடுங்க. மூக்கு பக்கம் ரெண்டு பேர். ஃபாஞ்ச், பம்பரத் தொடாதே, அடியில பிடி. எர்வே, இரும்புக் கயித்த மெதுவா சுத்து. இப்போ வால்."

வண்டி டிரெய்லரில் கீறல் இல்லாமல் போய் உட்கார்ந்தது. எத்தனையோ செயற்குழுக்கள் ஒரு கொடிக்கம்பம் நடுவதற்குள் மூன்றாக உடைந்திருக்கின்றன. இவள் ஒரு மேஸ்திரியையும் அவன் முகத்தில் விழிக்காத ஐந்து தொழிலாளிகளையும் ஒரே கயிற்றைப் பிடிக்க வைத்தாள். போதாததற்கு, முடிந்ததும் அவர்கள் எர்வேயோடு கை குலுக்கினார்கள்!

"அப்போ சாயங்காலம் திடலுக்கு வந்துடுவீங்கல்ல தோழர்?" என்றான் ஃபாஞ்ச்.

ஜில்தாஸ் வாயைத் திறந்தான். மரிவோன் முந்திக்கொண்டாள்.

"அவரா? வண்டிய விட்டு ஒரு அடி நகர மாட்டேன்னு சொல்லிட்டாரு. தொழிலாளி வர்க்கமே திரண்டு வந்தாலும் மாட்டாராம். சொன்ன சொல்ல மாத்துற ஆளா அவரு?"

எல்லோரும் ஜில்தாஸைப் பார்த்தார்கள். எந்த நிர்வாகத்தின் முன்னாலும் சொன்ன சொல்லை விழுங்காதவன் என்பதுதான் அவனிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து.

"மாட்டேன்" என்றான். குரல் டயரிலிருந்து வந்தது போல இருந்தது.

"அப்போ ஆள் குறையுதே" என்று ஃபாஞ்ச் தலையைச் சொறிந்தான்.

"எர்வே நல்லா எறிவாரே" என்றாள் மரிவோன்.

"அந்த ஆளா?" என்று ஜில்தாஸ் கத்தினான். "கதவத் திறந்துவிட்டவன்!"

"தோழர், இப்போ திறக்கறதுக்குக் கதவும் இல்ல, ஆலையும் இல்ல. கை நல்லா இருக்கா, அதப் பாப்போம்" என்றான் ஃபாஞ்ச்.

வண்டி டிரெய்லரில் எர்வே வீட்டுக்குப் போனது; அதை விட்டு நகராத ஜில்தாஸும் கூடவே போனான். விருந்து நடந்தது. அனாயிக் மூன்று முறை கறி வைத்தாள். ஜில்தாஸ் ஒவ்வொன்றையும் எதிர்ப்புத் தெரிவித்தபடி சாப்பிட்டான். பாலாடைக்கட்டி வருவதற்குள் ஃபாஞ்ச் வந்து எர்வேயைக் கூட்டிப் போனான். போகும்போது எர்வே, "சகலை, உன் குண்டுங்கள எடுத்துக்கிறேன்" என்றான். வரும்போதே கையோடு எடுத்து வந்திருந்த மரிவோனே கொடுத்தாள்.

பிறகு எர்வே வீட்டு முற்றத்தில் இறக்கி வைத்திருந்த வண்டியருகே வந்து, ஜில்தாஸ் முன்னால் கையை நீட்டினாள்.

"என்ன?"

"சட்டைப் பையில இருக்கிற வால்வு ஊசி. டயர்ல ஆணி குத்தின ஓட்டை இல்ல, ஊசி இருக்க வேண்டிய ஓட்டைதான் காலியா இருந்துச்சு. காலையில ஷூ கயித்தயா பாத்தேன்னு நெனச்சே? ஆலைக்கு நான் சைக்கிள்லதானே போனேன்."

ஊசி கை மாறியது. எர்வேயின் கொட்டகையில் கம்ப்ரசர் இருந்தது. டயர் எழுந்து நின்றது. மரிவோன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அனாயிக் பக்கத்தில் ஏறினாள்.

"ஏய், உனக்கு லைசென்ஸ் இல்லையே!"

"இதுக்கு எதுக்கு? உனக்கும்தான் இல்ல. முன்னால போக ஒரு தள்ளு, பின்னால போக ஒரு இழுப்பு. பக்கத்துல உக்காந்து எத்தனை வருஷமாப் பாக்கறேன்."

"எங்க போறீங்க?"

"ஆட்டம் பாக்க."

"நானும் வரேன்!"

"இருக்கிறதே ரெண்டு சீட்டு, ஜில்தாஸ்."

வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வாசலைத் தாண்டியது. அவன் ஓட்டியபோது ஒரு நாளும் அப்படிப் போனதில்லை. தெருமுனையில் நின்றது. மரிவோன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"பாத்திரமெல்லாம் ஊறப் போட்டிருக்கு. கறி வெச்ச சட்டி அடிபிடிச்சிருக்கு, அத மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்!"