சைபர் என்று பேர் வைத்த ஃபோல்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், பெருமாளே என்பேன், மூடி வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று வெளியே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த காரணம் வேறு. வெட்கம்.

திருப்பதிக்கு வந்து போகிற அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாலும் 'அடுத்து' மாதிரி ஒரு பிறவி கிடைக்கமாட்டான். அந்த ஏழுமலையான் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

அடுத்து என்பது நாங்கள் வைத்த பேர். விஜயபுரம் பக்கத்துப் பையன். அப்பா வேர்க்கடலை போடுகிற விவசாயி. பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, திருப்பதியில் நான் வேலை பார்த்த புடவைக் கம்பெனிக்கு வந்தான். நகரி தறிகளில் நெய்த புடவைகளை வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்து, நாலு எழுத்து படித்தவனெல்லாம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். எங்கள் முதலாளிக்கும் இன்டர்நெட்டில் புடவை விற்க ஆசை வந்துவிட்டது.

பையன் எதைச் செய்தாலும் ஒவ்வொன்றாகத்தான் செய்வான். ஒன்று முடிந்ததும் "அடுத்து?" என்பான். மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டு வந்தால் முதலில் பொரியலை முழுசாகத் தின்பான். "அடுத்து?" கூட்டை வழித்து நக்குவான். "அடுத்து?" சாம்பாரைத் தண்ணீர் மாதிரி குடிப்பான். கடைசியில் வெறும் சோற்றை மலை மாதிரி வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருப்பான். பரிமாறுகிறவர் பொறுக்காமல் "ஸ்வாமி, கலுப்புகொனி தினண்டி" என்று, கலந்து சாப்பிடச் சொல்லித் தெலுங்கில் கெஞ்சுவார். "கலந்தா எது முடிஞ்சிது, எது முடியலன்னு தெரியாதுண்ணா" என்று இவன் என்னிடம் தமிழில் பதில் சொல்வான். ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் "அடுத்து?" என்று கேட்டுக்கேட்டு, ஒரு நாள் கண்டக்டர் விசிலைக் கழற்றி இவன் கையில் கொடுத்து, "இந்தா, நீயே ஊது நைனா" என்றாராம்.

பெங்களூரில் மூன்று முறை இன்டர்வியூவுக்குப் போய்த் திரும்பியவன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். இவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வகுப்பாகச் சொல்லிக்கொண்டு போனான். ஆறாம் வகுப்பு வருவதற்குள் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

கம்பெனியில் என் வேலை புடவையைப் படம் பிடிப்பது. பிடித்த படத்துக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணைப் பேராக வைத்துக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போடுவேன். அவன் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு புடவையையும் ஒருத்தர் உட்கார்ந்து தனித்தனியாக வலைப்பக்கத்தில் எழுதிச் சேர்ப்பார். ஒரு வாரம் ஆகும். அடுத்து வந்தான். பத்தே வரி எழுதினான். நான் ஃபோல்டரில் படத்தைப் போட்டால் போதும், அது தானாக வலைப்பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னா தம்பி மாயம் இது?" என்றேன்.

அவனுக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் என்னோடு அலிபிரி வழியாக மலைக்கு நடந்து வந்தான். பாதி வழியில் ஓர் அம்மாள் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். இவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"ண்ணா! இதாண்ணா என் ப்ரோக்ராம்! படி கீதா? பொட்டு வை. அடுத்து. படி கீதா? பொட்டு வை. அடுத்து." பிறகு அந்த அம்மாளிடமே போய், "அம்மா, எப்புடு ஆபுதாரு?" என்று எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டான்.

அந்த அம்மாள் நிமிர்ந்து, இது என்ன ஜென்மம் என்பது போலப் பார்த்து, "மெட்லு அயிபோதே ஆபுதானு, நாயனா" என்றார். படி தீர்ந்தால் நிறுத்துவேன்.

"பாத்தியாண்ணா! படி தீந்தா நிறுத்து. அவ்ளோதான்!" என்று மலைப்பாதையில் குதித்தான். கோவிந்தா போடுகிற கூட்டம் எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

முதல் நாள் அவன் அந்த வலைப்பக்கத்தைத் திறந்தபோது புடவைகளுக்கு முன்னால் படம் இல்லாத இரண்டு உடைந்த கட்டங்கள் வந்தன. முதலாளி, "எவருரா ஈ ரெண்டு பேரு? நம்ம சரக்கில்லையே!" என்று கத்தினார். அப்புறம்தான் தெரிந்தது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எந்த ஃபோல்டரைக் கேட்டாலும் முதலில் ஒரு புள்ளியும் பிறகு இரண்டு புள்ளியும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லுமாம்.

"ஒத்த புள்ளின்னா நானுன்னு அர்த்தம். ரெட்டை புள்ளின்னா எனக்கு மேல கீற எங்க நைனான்னு அர்த்தம். அந்த ரெண்டையும் தாண்டிட்டு போகணும்ண்ணா" என்று சொல்லி அவற்றைத் தாண்டுகிற மாதிரி எழுதிவிட்டான்.

நான் உருகிப்போனேன். தன் பேரும் தகப்பன் பேரும் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்காத ஃபோல்டர்! சங்கல்பம் மாதிரி அல்லவா இருக்கிறது! உருகின கையோடு ஒரு குறையும் மனசில் விழுந்தது. தன் பேர் இருக்கிறது, தகப்பன் பேர் இருக்கிறது, சாமி பேர் இல்லையே? எங்கள் கம்பெனியில் புது லாட் வந்தால் முதல் புடவை திருச்சானூர் தாயாருக்குத்தான் போகும். புது நோட்டுக்கு மஞ்சள் தடவாமல் ஒரு எழுத்து எழுதமாட்டோம். இது மட்டும் மொட்டையாக ஒன்று என்று ஆரம்பிக்கலாமா?

"தம்பி, ஒண்ணுக்கு முன்னாடி இன்னா நம்பரு?"

"சைபருண்ணா. கம்ப்யூட்டரு எண்றதே அங்கருந்துதான்."

இந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது.

பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி மேடமும் அவரோடு ஒருவரும் வருகிற நாள் வந்தது. பக்கம் பிடித்திருந்தால் எங்கள் புடவைகளை எடுப்பார்கள். அதைவிட முக்கியம், அதை எழுதின பையனையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவதாக முதலாளியிடம் சொல்லியிருந்தார்கள். அடுத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. "ண்ணா, இந்தத் தடவை கேள்வியே கெடையாதாம். பக்கத்தை பாத்தா போதுமாம்" என்றான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்காகத்தான் செய்தேன். சுவாமி சத்தியமாக அவனுக்காகத்தான். ஆபீஸ் காலண்டரில் இருந்த பெருமாளைப் படம் பிடித்தேன். புடவைப் படங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஃபோல்டர் உண்டாக்கி, அதற்கு '0' என்று பேர் வைத்து, சுவாமியை உள்ளே எழுந்தருளப் பண்ணினேன். மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மேடம் உட்கார்ந்தார். அடுத்து பக்கத்தைத் திறந்தான். மேலே கம்பெனி பேர் வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெள்ளை வெளேர் என்று இருந்தது.

மறுபடி திறந்தான். மறுபடி வெள்ளை. அவன் கழுத்தில் வேர்வை ஓடுவதை டீ தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புடவை எங்கே?" என்று மேடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"காலைல கூட வந்துச்சி மேடம்... இருநூத்தி நாப்பது புடவை..."

"இருநூத்தி நாப்பதில் ஒண்ணாவது காட்டலாமே" என்று கூட வந்தவர் சிரித்தார். பத்து நிமிஷம் பார்த்தார்கள். எழுந்துவிட்டார்கள். முதலாளி அவர்கள் முன்னாலேயே, "ரேப்பு நுஞ்சி ராவத்து. நாளையிலருந்து இந்தப் பக்கம் வராதே!" என்று இரண்டு பாஷையிலும் சொல்லி அனுப்பினார். அடுத்து முகம் கழுவப் பின்பக்கம் போனான்.

அறையில் யாரும் இல்லை. பெருமாள் ஃபோல்டர்தான் காரணமோ என்று பட்டது. அந்த ஃபோல்டரை அழித்தேன். பக்கத்தைத் திறந்தேன். இருநூற்று நாற்பது புடவைகளும் மாம்பழக் கலரும் மயில் கழுத்துக் கலருமாக வந்து குவிந்தன.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பெங்களூர் கார் இன்னும் கீழேதான் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் எதிர்க்கடையில் தோசை தின்றுகொண்டிருந்தான். மாடியிலிருந்து இறங்கப் பதினெட்டுப் படி. ஓடினால் அரை நிமிஷம். "மேடம், தப்பு என்னுது" என்று நாலு வார்த்தை. ஒரு படியில் கால் வைத்தேன். என் இரண்டு பெண் குழந்தைகளின் முகம் வந்தது. சாமி படத்தால் கெட்டது என்று சாமியைப் பழிப்பார்களே என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நேரத்தில் பெருமாளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் உண்மை. டிரைவர் கை கழுவினான். கார் போய்விட்டது.

நான் திரும்பி வந்து டீ தட்டைக் கையில் எடுத்தபோது, அடுத்து தன் பையை எடுக்க வந்தான். திரையில் புடவைகளைப் பார்த்தான். உட்கார்ந்து கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைத் திறந்தான். உள்ளே '0' கிடந்தது.

"ண்ணா," என்றான் திரும்பாமல், "சாமிய ஏண்ணா குப்பையில போட்டுகினு கீற?"

எனக்கு உயிர் போனது. அழுதேன். அவன் எழுந்து என் கையிலிருந்த டீ தட்டை வாங்கிக் கீழே வைத்தான்.

"நீ ஒண்ணும் பண்லண்ணா. படி கீதான்னு கேக்கச்சொல்லி எழுதினேன். சைபருன்னு பேர் வெச்ச படி வந்ததும், படியே இல்லன்னு நெனச்சி நின்னுடுச்சி. நெஜமாவே தீந்துபோச்சா, இல்ல சைபருன்னு ஒருத்தர் நிக்கிறாரான்னு கேட்டிருக்கணும். அது என் தப்பு."

"மொதலாளிகிட்ட சொல்றேன் தம்பி..."

"கார் போயிடுச்சிண்ணா. இப்ப சொன்னா எனக்கு வேலை வராது, உன் வேலை போவும். பொண்ணுங்கள வெச்சிகினு எங்க போவ?"

நான் சரி என்று சொன்னேன். அவன் இரண்டாம் முறை சொல்வதற்குள் சொல்லிவிட்டேன். அந்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

வேலை போனவன், போவதற்கு முன்னால் உட்கார்ந்து அந்த வரியைச் சரிசெய்தான். ஓர் ஆச்சரியக்குறியும் இரண்டு சமக்குறியும், அவ்வளவுதான். பெருமாளைக் குப்பையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். "சாமிய புடவைன்னு நெனச்சி வித்துடக்கூடாதுல்ல" என்று, அவரை மட்டும் தாண்டிப் போகிற மாதிரி இன்னொரு வரியும் சேர்த்தான்.

ஒரு வாரம் கழித்து, வேலை எதுவும் இல்லாமலே பெங்களூர் பஸ் ஏறினான். புளியோதரை கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். முதலில் வேர்க்கடலையை எல்லாம் பொறுக்கித் தின்றான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் மிளகாயைத் தேடிக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை.

நான் அந்தக் கம்பெனியில் மேலும் ஒன்பது வருஷம் இருந்தேன். அவன் எழுதின பத்து வரியில்தான் கம்பெனி ஓடியது, என் வீட்டு அடுப்பும் எரிந்தது. ஆனால் எங்கள் கடைத்தெருவில் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. பெங்களூர்க்காரர்களைக் கூப்பிட்டு வெள்ளைப் பக்கம் காட்டின கிறுக்கன் என்று அவனைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் நானும் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். ஃபோல்டர் வைத்தது நான், அழித்தது நான், படி இறங்காமல் நின்றதும் நான்.

மலைக்குப் போகும்போதெல்லாம் முதலில் அவனுக்கு வேண்டிக்கொண்டுதான் என் பெண்களுக்கு வேண்டிக்கொள்கிறேன். பெண்களுக்கு அது தெரியும். அப்பாவுக்கு அவர் பிள்ளைதான் முதல் என்று கேலி செய்கிறார்கள்.