வீணாகப் போன கேரண்டி

வேதாந்தம் மாமாவுக்கு அந்த மிக்ஸி மீது கோபமான கோபம். வாங்கி ஐந்து வருஷம் ஆகப்போகிறது, ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லை. ஐந்து வருஷ கேரண்டி என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த வாரத்தோடு அது முடிகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையரானவர் மாமா. கையில் இருக்கும் உரிமை உபயோகப்படாமல் காலாவதி ஆவதை அவரால் தாங்க முடியவில்லை.

கோபத்துக்குள்ளே கொஞ்சம் ஆசையும் இருந்தது. கீழ் ஃப்ளாட் மாளவிகா புதிதாக ஒரு மிக்ஸி வாங்கியிருந்தாள். அது அரைப்பதே காதில் விழாது என்று கோமளம் மாமி இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டாள். வருகிற வாரம் மாமா மாமியின் கல்யாண நாள் வேறு. இது கெட்டுப்போனால் கம்பெனிக்காரன் புதுசு தருவான். அதைக் கொண்டுவந்து மாமி முன்னால் வைக்கலாம். செலவும் இல்லை. யோசிக்க யோசிக்க மாமாவுக்குத் தம் மூளை மீதே மரியாதை வந்தது.

ஒரே ஒரு சிக்கல். மிக்ஸி கெட வேண்டும்.

பிரதோஷத்தன்று சாயங்காலம், கோயிலுக்குப் போகவில்லையா என்று மாமா இரண்டு தரம் ஞாபகப்படுத்தினார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினாள். மாமா கதவைத் தாழிட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போனார். தண்ணீர் குடிப்பதைத் தவிர வேறெதற்கும் அந்தப் பக்கம் போகாத மனுஷர். உறையை எடுத்தார். ஜாரில் விரலி மஞ்சளை நிரப்பினார். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் திருகினார். மிக்ஸி அலறியது. முனகியது. கடைசியில் நீலமாய்ப் புகை விட்டு அடங்கியது. ஒரு கணம் அவருக்கே பாவமாக இருந்தது.

ஜாரைக் கழுவி, உறையைப் போட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினார். திரும்பி வந்த மாமி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, கபாலி கோயிலில்கூட இத்தனை புகை இல்லை என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை இட்லிக்கு மிளகாய்ப் பொடி. மத்தியானம் எலுமிச்சை ரசம், சுட்ட அப்பளம். ராத்திரி மோர் சாதம், மாவடு. அடுத்த நாளும் அரைக்கிற வேலையே இல்லாத சமையல். கேரண்டியோ கரைந்துகொண்டிருந்தது. பொறுக்க மாட்டாமல் மாமாவே வாயைத் திறந்து, சட்னியைக் கண்ணிலேயே காணோமே என்று கேட்டார்.

"மிக்ஸி ஓடலை," என்றாள் மாமி.

"அடடா," என்றார் மாமா. முகத்தில் வருத்தத்தை வரவழைக்க ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது. "கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்."

ஆட்டோ பிடித்து, குழந்தையைப் போல மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு தி.நகர் சர்வீஸ் சென்டருக்குப் போனார். கவுண்டரில் இருந்த ஷாஹுல் ஹமீது மரியாதையாக உட்காரச் சொன்னார். மாமா பில்லையும் அட்டையையும் நீட்டி, நுகர்வோர் உரிமை பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். ஷாஹுல் ஹமீது முழுக்கக் கேட்டுவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருந்த நம்பரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி மிக்ஸியைப் பார்த்தார்.

"கார்டு வேற, மெஷின் வேற சார். இந்த மாடலை நாங்க நிறுத்தியே ரொம்ப வருஷம் ஆச்சு."

இதற்கு உதிரி பாகம்கூடக் கிடைக்காது, வேண்டுமானால் பழைய சாமான்களோடு போட்டுவிட்டுப் போகலாம் என்றார். மாமா போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

மயிலாப்பூர் வீட்டு மாடிப்படி ஏறும்போதே மிக்ஸி சத்தம் கேட்டது. அடுக்களையில் மாமி தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள், அட்டைக்குச் சொந்தமான அதே மிக்ஸியில்.

பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அவர் அந்த அட்டையையே படித்துக்கொண்டிருந்தபோதே மாமிக்குச் சந்தேகம். கம்பெனிக்குத் தானே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

"அவா செஞ்சதுல கோளாறு இருந்தாத்தான் கேரண்டியாம். அதுவும் கெட்டுப்போன பாகத்தை மாத்தித் தருவாளாம், புது மிக்ஸி இல்லை. நாமளா எரிச்சுண்டா நம்ம தலையெழுத்தாம்."

அதனால்தான் கோயிலுக்குப் போகும்போது நல்லதை மாளவிகா வீட்டில் வைத்துவிட்டு, பரணில் கிடந்த பழசுக்கு உறையைப் போட்டுவிட்டுப் போனாளாம். "பழசைத் தூக்கிப் போடலாம்னு எத்தனை தரம் சொன்னேன்? விட்டேளா? இப்போ நீங்களே கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துட்டேள்."

மாமா நிலைப்படியிலேயே நின்றார். "கல்யாண நாளைக்கு உனக்குச் சத்தமில்லாததா ஒண்ணு..." என்று இழுத்தார்.

மாமி மிக்ஸியை நிறுத்தினாள். ஸ்பூனில் சட்னியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்று தலையாட்டினார்.

"ஆனாலும் அடுத்த வாரம் கேரண்டி முடியறதே, கோமளம்."

"முடியட்டுமே," என்றாள் மாமி. "உங்களுக்கு முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. மாத்தித் தாங்கோன்னு நான் யார்கிட்டயாவது போய் நின்னேனா?"