தலையாட்டலுக்குத் தனி கேமரா

‘டர்ர்ர்ர்ர்’ என்று தலைக்கு மேலே துளைபோடும் இயந்திரம் அலறியது. அழுவதற்கு ஒரே ஒரு மூச்சு பாக்கியிருந்த விருந்தினர், அழாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மானுட வரலாற்றில் பெருந்துயரங்கள் பல உண்டு. மாடி வீட்டுக்காரர் அன்று காலை சுவரில் அலமாரி மாட்டத் தீர்மானித்தது அவற்றில் ஒன்று. ஏனென்றால் கீழே நடந்துகொண்டிருந்தது வெட்டிப் பேச்சல்ல. ‘காது கொடுத்துக் கேட்கிறேன்’ என்னும் வீடியோ பாட்காஸ்ட். நடத்துபவர் ‘செவிச்செல்வர்’. இந்தப் பட்டத்தை வழங்கவேண்டியவர்கள் ரசிகப் பெருமக்கள். அவர்கள் வேறு வேலையாக இருந்ததால், அவர்கள் சார்பில் அவரே வழங்கிக்கொண்டார்.

அவர் கேட்கும் முறை அலாதியானது. விருந்தினர் பேசும்போது, அடுத்த கேள்வியை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். விருந்தினர் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகு, காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து கேமராவைத் தன் பக்கம் திருப்பி, தலையாட்டல்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வார். அனுதாபத்துக்கு மெதுவாக ஒன்று. வியப்புக்குப் புருவத்தோடு ஒன்று. சம்மதத்துக்குக் கண்ணை மூடி ஆழமாக ஒன்று. பிறகு அவற்றைப் பேச்சின் நடுவே ஆங்காங்கே ஒட்டிவிடுவார். பார்த்தவர்கள் உருகிப்போய், ‘இப்படிக் கேட்க நமக்கு ஒருத்தர் வாய்க்கலையே’ என்று எழுதுவார்கள்.

அப்படி ஒருத்தர் வாய்த்த அவர் மனைவி அடுத்த அறையில் இருந்தார். மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. கடலோரத்தில் இருக்கும் புதிய ஆலைக்கு அவரைத் தலைமைப் பொறுப்பில் அனுப்ப நிர்வாகம் விரும்பியது. மூன்று வருடம் அங்கேயே தங்கவேண்டும். குடும்பமும் கூட வருவதாக இருந்தால் வீடு உண்டு. மாலைக்குள் பதில் சொல்லவேண்டும். இந்தச் செய்தியை அவர் கணவரிடம் பலமுறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் கணவரின் காதில் ஹெட்ஃபோன் இருந்தது. ஒவ்வொரு முறையும் அனுதாபத் தலையாட்டல் ஒன்று கிடைத்தது.

“இனி வீட்ல முடியாது. ஸ்டுடியோ பார்க்கணும், கிளம்பு” என்றார் செவிச்செல்வர்.

“நானா? எதுக்கு?”

“உனக்குக் காது நல்லாக் கேக்கும்.”

போகிற வழியில் பேசிவிடலாம் என்று மனைவியும் கிளம்பினார். வழி முழுவதும் செவிச்செல்வர் ஃபோனில் மாடி வீட்டுக்காரரைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்துக்கொண்டே வந்தார்.

முதல் ஸ்டுடியோவில் கூரை உயரத்துக்குப் புத்தக அலமாரி. செவிச்செல்வர் ஒன்றை உருவப் பார்த்தார். அலமாரியே கூட வந்தது. அத்தனையும் சுவரில் ஒட்டிய அட்டை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் அறிவாளியாகத் தெரிவார்கள் என்று உரிமையாளர் உத்தரவாதம் கொடுத்தார். செவிச்செல்வருக்குப் பரம திருப்தி. மனைவி கையை ஒரு தட்டுத் தட்டினார். அறை அதைத் திருப்பித் தட்டியது.

“குளியலறையில பேசுற மாதிரி இருக்கும்” என்றார்.

செவிச்செல்வருக்கு அது விழவில்லை. ஆனால் விளக்கு அவருடைய முன்வழுக்கையைப் பளபளவென்று காட்டியதால், அதே முடிவுக்கு அவரும் வந்து சேர்ந்தார்.

இரண்டாவது ஸ்டுடியோவின் தலைக்கு மேலே உடற்பயிற்சிக் கூடம். யாரோ எடையைக் கீழே போடும்போதெல்லாம் மைக் ஒரு துள்ளு துள்ளியது. நிகழ்ச்சிக்கு அது ஒரு ‘இதயத்துடிப்பு’ தரும் என்றார் அங்கிருந்தவர்.

மூன்றாவதுதான் கோவில். கனத்த கதவு சாத்தியதும் தெரு செத்துப்போனது. சுவரெல்லாம் மெத்தை. மனைவி கையைத் தட்டினார். சத்தம் கையோடு நின்றது. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. செவிச்செல்வர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் கண் மூன்று கேமராக்கள் மேல் இருந்தது.

“ஒண்ணு விருந்தாளிக்கு, ஒண்ணு ரெண்டு பேருக்கும் சேர்த்து. அந்த மூணாவது?”

“அது உங்களுக்கு மட்டும் சார்” என்றார் உரிமையாளர். “நீங்க தலையாட்டறதுக்குன்னே தனியா.”

செவிச்செல்வர் அந்தக் கேமராவைத் தடவிக்கொடுத்தார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆட்டி வீணடித்த தலையாட்டல்கள் எத்தனை! வெள்ளோட்டம் பார்க்க எதிரே யாராவது உட்கார்ந்து பேசவேண்டும் என்றார் உரிமையாளர். மனைவி உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று கேட்டார்.

“எதையாவது பேசு. எனக்கு முகம் மட்டும் சரியா விழணும்.”

சிவப்பு விளக்கு எரிந்தது. மனைவி பேசத் தொடங்கினார். ஹெட்ஃபோன் இல்லை, ஃபோன் இல்லை, மாடி வீட்டு இயந்திரம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இப்படி ஓர் அறை கிடைத்ததில்லை. அதனால் நிதானமாகப் பேசினார்.

செவிச்செல்வரும் தம் கலையை முழுமூச்சாக இறக்கினார். கன்னத்தில் கை வைத்தார். இடது பக்க முகம் எடுப்பாக இருக்கும் என்பதால் கொஞ்சம் சாய்ந்தார். மனைவியின் குரல் ஓரிடத்தில் தழைந்து, ஒரு கேள்வியில் போய் நின்றது. இத்தனை கால அனுபவம் அவருக்குச் சொன்னது: இங்கேதான் கண்ணை மூடவேண்டும். மூடினார். ஆழமாக ஆட்டினார்.

விளக்கு அணைந்தது. பதிவைப் போட்டுக் காட்டினார்கள்.

“சத்தம் வேண்டாம், நிறுத்துங்க. முகம் போதும்” என்றார் செவிச்செல்வர்.

ஊமைப் படத்தில் தன்னைத் தானே பார்த்தார். எப்பேர்ப்பட்ட பரிவு! தன் துயரத்தையும் இந்த மனிதரிடம் சொல்லி அழவேண்டும்போல அவருக்கே இருந்தது. உடனே ஒரு வருடத்துக்கு இடத்தைப் பேசி முடித்தார். உரிமையாளர் மட்டும் ஏனோ அவர் முகத்தைப் பார்க்காமல் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஃபோனோடு வெளியே போயிருந்த மனைவி திரும்பி வந்தார்.

“முடிச்சுட்டேன்” என்றார் செவிச்செல்வர், பெருமையாக.

“நானும்தான். அடுத்த வாரமே வந்து சேர்றேன்னு ஆபீசுக்குச் சொல்லிட்டேன்.”

“எங்க? என்னை ஒரு வார்த்தை கேக்கவேண்டாமா?”

மனைவி திரையைக் காட்டினார். அதில் செவிச்செல்வர் கண்ணை மூடியபடி உறைந்திருந்தார்.

“‘கூட வர்றீங்களா’ன்னு கேட்டேன், கன்னத்துல கை வச்சுக்கிட்டீங்க. ‘அப்ப நான் தனியாவே போயிடட்டுமா’ன்னு கேட்டேன், கண்ணை மூடி நல்லாத் தலையாட்டினீங்க.”