முழங்காலில் ஜிப் வைத்த மனிதர்

பெட்டி அடுக்கும் ஆண் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மத்தியதரைக் கடலோரத்தில், ஜூலை மாத வெயிலில், ஊரே ஒரு மெல்லிய சட்டையோடு சும்மா திரிந்துகொண்டிருக்கும்போது, கழுத்துக்குத் திரை தொங்கும் தொப்பி, ஒன்பது பை வைத்த சட்டை, இடுப்பில் ஒரு குட்டிப் பை, முழங்காலில் ஜிப் வைத்த பேண்ட், கெண்டைக்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, அதன்மேல் மலையேற்றச் செருப்பு என்று ஒருவர் ஐஸ்கிரீம் கடை வரிசையில் நின்றிருப்பாரே, அவர்தான். அவர் எந்தச் சிகரத்துக்கும் போகவில்லை. ஐஸ்கிரீம்தான் வாங்குகிறார்.

மற்றவர்கள் பெட்டியில் துணி வைப்பார்கள். இந்த இனம் 'ஒருவேளை'களை வைக்கும். ஒருவேளை மழை பெய்தால்? ஒருவேளை கடலுக்குள் பாறை காலைக் கிழித்தால்? ஒருவேளை ஓட்டல் அறையில் துணி காயப்போடக் கயிறு இல்லாவிட்டால்? ஒருவேளை எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டால் என்ன உடுத்துவது என்று மட்டும் இவர்கள் யோசித்ததே கிடையாது.

ஜெர்மனியில், எங்கள் காஸல் நகரத்தில் தெருவுக்கு மூன்று பேராவது இப்படி இருக்கிறார்கள். உதாரணத்துக்கு ஹார்ட்முட் பிளெஸ்கே. பாலங்களில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பொறியாளர். ஐம்பத்தெட்டு வயது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே, கூடுதல் அறைக் கட்டிலில் அறுபத்தோரு பொருள்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து, லாமினேட் செய்த பட்டியலில் டிக் அடிப்பார். அவர் மனைவி கெர்லிண்ட் கேக்குக்கு மாவு நிறுக்கப் போனால் தராசில் காலுறை நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். இருபத்தொன்பது வருடமாக ஊதித் தள்ளிவிட்டு மாவைக் கொட்டுகிறார், பாவம்.

அந்தப் பேண்ட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஹார்ட்முட்டின் முகம் மலர்ந்துவிடும். ஜிப்பைக் கழற்றினால் கடற்கரைக்கு அரைக்கால். மாட்டினால் தேவாலயத்துக்கு முழுக்கால். இடது காலுக்குச் சிவப்பு ஜிப், வலது காலுக்குப் பச்சை, மாறிப்போகக்கூடாதே! ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த வருடம் வேண்டியிருந்தது. மகள் ஃபென்யா, இவானோ என்கிற இத்தாலியப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். லிகூரியா கடலோரத்தில் அவன் ஊர். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரு வீட்டாரும் முதன்முறையாகச் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. அவள் போனில் கெஞ்சினாள்.

"அப்பா, ஒரே ஒரு லினன் சட்டை. ஒரு ஜோடி நல்ல ஷூ. வேற எதுவும் நான் கேக்கல."

"லினன் கசங்கும்மா."

"கசங்கட்டும். அது கசங்கினாதான் அழகு."

"கசங்கினா அழகா? அப்போ எதுக்கு உலகத்துல இஸ்திரிப் பெட்டி?"

"அப்பா, ப்ளீஸ். அங்க ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடி உடுப்பைப் பாப்பாங்க. உன்னைப் பாத்து அவங்க சிரிச்சா என்னால தாங்க முடியாது. எனக்காக."

"எழுதிக்கிட்டேன்."

பொய்யில்லை, எழுதத்தான் செய்தார். அறுபத்திரண்டாவது பொருள்: லினன் சட்டை. அப்புறம் ஆராய்ச்சி நடந்தது. காய ரொம்ப நேரம் பிடிக்கும். ஜிப் வைத்த பை ஒன்றுகூட இல்லை. கொசு கடிக்கும். கடைசியில் லினனை அடித்துவிட்டு, மண் நிறத்தில், கசங்காத, வியர்வை நாறாத, கொசு அண்டாத மலையேற்றச் சட்டை ஒன்றை எழுதினார். மகள் கேட்டதைவிட ஒரு படி மேலேயே செய்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. ஷூவுக்கும் இதே கதிதான்.

ஞாயிறு மதியம். துறைமுகத்தைப் பார்த்த ஓட்டல் மாடியில் மேசை போட்டிருந்தார்கள். இவானோவின் அப்பா ஒரேஸ்தே, வெயில் கொளுத்தியும், நீலக் கோட்டில் நின்றார். அம்மா லொரெடானா முத்துமாலையோடு எழுந்து வந்தார். ஹார்ட்முட்டைத் தொப்பியிலிருந்து செருப்பு வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு அன்பொழுகப் பேசினார். ஃபென்யா மொழிபெயர்த்தாள்.

"மலைப்பாதையிலேருந்து நேரா வர்றீங்களா சம்பந்தி? ரொம்பக் களைச்சிருப்பீங்க. ரூமுக்குப் போய் மெதுவா உடுப்பு மாத்திக்கிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

இது எவ்வளவு பெரிய கருணை தெரியுமா? ஒரு மனிதர் மானத்தோடு நழுவிப்போக வாசற்கதவையே திறந்துவிட்டார் அந்த அம்மாள். இத்தாலியர் எவரும் அந்த வழியே ஓடியிருப்பார். எங்கள் ஊர்க்காரரிடம் கேள்வி கேட்டால் பதில் வரும். உண்மையான பதில்.

"இல்லையே! மேல ரூம்லேருந்துதான் வர்றேன். இந்த விருந்துக்குன்னே போட்டுக்கிட்டு வந்தேன். முழுக்கால் மாட்டியிருக்கேன் பாருங்க!" என்று முழங்காலைத் தூக்கிப் பச்சை ஜிப்பை ஓரங்குலம் திறந்து காட்டினார்.

ஃபென்யா ஒரு நொடி கடலைப் பார்த்தாள். பிறகு இத்தாலிய மொழியில் கடகடவென்று ஏதோ சொன்னாள். ஒரேஸ்தே வியந்துபோய் ஹார்ட்முட்டின் தோளைத் தட்டினார்.

"பாத்தியா? அவருக்குப் பேண்ட்டோட அருமை புரியுது," என்றார் ஹார்ட்முட்.

"அப்பா, காலைல ஆறு மணிலேருந்து நீ மலை ஏறினேன்னு சொல்லியிருக்கேன். இப்போ போய்க் குளிச்சு மாத்திக்கிட்டு வரேன்னும் சொல்லியிருக்கேன். போ."

"பொய்யா சொன்னே?"

"ஆமா."

ஏழு வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தபோது, தானே போய் மணியடித்து ஒப்புக்கொண்ட பெண் அவள். அப்படித்தான் வளர்த்திருந்தார். இப்போது காதுமடல் சிவக்க நின்றாள், அப்பனை நிமிர்ந்து பார்க்க முடியாமல். ஹார்ட்முட்டுக்கு நெஞ்சு வலித்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத வலி.

கெர்லிண்ட் பின்னாலேயே வர, அறைக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்தார். தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை இருந்தது. விசில் இருந்தது. துணிக் கயிறு இரண்டு இருந்தது. மனிதர் முன் உட்கார ஒரு சட்டை இல்லை.

"நீயாவது ஒண்ணு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா, கெர்லிண்ட்?"

"எங்க வைக்க? என் பெட்டியில பாதி இடம் உன்னோட கடற்கரைக் கூடாரம்."

ஞாயிறு, கடைகள் அடைப்பு. ஹார்ட்முட் சமையலறைப் பக்கம் இறங்கிப்போய், ஒரு பரிமாறுபவரிடம் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையைக் கூப்பாத குறையாகக் கேட்டார். அவர் தன் மாற்று வெள்ளைச் சட்டையையும் கறுப்பு ஷூவையும், போனால் போகிறது என்று ஒரு கறுப்புப் பேண்ட்டையும் சேர்த்தே கொடுத்தார்.

மாடியேறி வந்தவரை முதல் மேசையிலேயே ஒரு பெண்மணி விரல் சொடுக்கி நிறுத்தினார். ரொட்டி வேண்டுமாம். இல்லை என்று சொல்ல மொழி இல்லை. ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு, சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நிற்க, கடிக்கிற ஷூவில் நொண்டி நொண்டி நடந்து வந்தார். ஃபென்யா பார்த்துவிட்டாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. எழுந்து ஓடிக் கூடையை வாங்கி அந்த மேசையில் வைத்தாள். அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து லொரெடானா முன் நிறுத்தினாள்.

"அத்தை, இவர் எந்த மலையும் ஏறல. அதுதான் இவரோட விருந்து உடுப்பு. நான் வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் கண்ணு," என்றார் லொரெடானா. "ஆறு மணிலேருந்து மலை ஏறினவரோட காலுறை அவ்வளவு வெளுப்பாவா இருக்கும்? உக்காருங்க சம்பந்தி, பாஸ்தா ஆறுது."

ஹார்ட்முட் உட்கார்ந்தார். மகள் சொன்னதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அவள் இன்னும் கையை விடவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது ஏதோ ஓர் இடத்தில், 'என்ன இருந்தாலும் அந்தப் பேண்ட்டில் ஒரு வசதி இருக்கத்தானே செய்கிறது' என்று மனசுக்குள் ஓடியதா? லினன் காய ரொம்ப நேரமாகும் என்பதைக் குறித்துக்கொண்டீர்களா? அப்படியானால் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்களை இதுவரை யார் யாரிடம், என்னவென்று மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.