எங்கள் தெருவுக்கு ஒரு செக்போஸ்ட்

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் பெங்களூர் அல்சூரில் எங்கள் கடைத்தெரு மட்டும் பல வருஷங்கள் தனி நாடாகவே இருந்து வந்தது. அதற்கு எல்லை உண்டு, சட்டம் உண்டு, எல்லையில் சோதனையும் உண்டு. ராஜா, மந்திரி, சுங்க அதிகாரி எல்லாம் ஒரே ஆள்தான். தெருமுனையில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நேரில் பார்த்தால் "மெத்தைக்கார அண்ணா". அந்தப் பக்கம் திரும்பினால் "செக்போஸ்ட்".

நான் அப்போது ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போவதென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கடை வாசலில் நாலு மெத்தைகளை அடுக்கி, அதன் உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். தலையைச் சுற்றி மப்ளர். மீசையில் பஞ்சு, காதில் பஞ்சு, புருவத்திலும் பஞ்சு. நம் கையில் ஒரு பை தெரிந்தால் போதும், அங்கிருந்து ஒரு கை நீளும்.

"எங்கேருந்து வர்ற?"

"செவாஜிநகர்லேருந்துண்ணா."

"பையில என்னா?"

"கத்திரிக்காண்ணா."

"ஏன், நம்ம தெருல கத்திரிக்காய்க்குப் பஞ்சமா? இல்ல, செவாஜிநகர் கத்திரிக்கா தன்னால வெந்துக்குதா?"

இதற்குப் பதில் சொல்லிப் பிழைத்தவர்கள் கிடையாது. எங்கள் தெருவில் கிடைக்காத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவர் கொள்கை. கிடைக்கவில்லை என்றால் அது தேவையில்லாத பொருள்.

அவரும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு முறை பல்வலி வந்து கன்னம் பூசணிக்காயாக வீங்கியபோதுகூட வெளியே டாக்டரிடம் போக மறுத்துவிட்டார். தெருவில் முடிவெட்டுகிறவரிடம் போய் வாயைத் திறந்தார். அவரும் தைரியமாகப் பிடுங்கினார், பக்கத்துப் பல்லை. நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனபோது, வீங்கின வாயோடு மெத்தைக்காரர் சொன்னார்: "அதுவும் எப்படியும் ஆடப்போற பல்லுதாம்பா. முன்கூட்டியே எடுத்துட்டான். கைராசிக்காரன்."

குளிர்காலம் வந்துவிட்டால் அவருடைய தேசபக்தி இன்னும் ஒரு படி ஏறும். காலையில் அல்சூர் ஏரியிலிருந்து பனி எழுந்து கடைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பல் கிட்டித்துப்போய் நாங்கள் டீக்கடையில் நடுங்கிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் சொந்தப் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் நிற்பார்.

"பாத்தியா, இதான் குளுரு! செவாஜிநகர்ல அடிக்கிறது நம்ம ஏரிலேருந்து மிச்சம் மீதி போறதுதான்."

ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெரு டீச்சரம்மா பரேடு மைதானத்துப் பக்கம் இருந்த பெரிய கடையிலிருந்து பிளம் கேக் வாங்கி வந்து மாட்டிக்கொண்டார். மெத்தைக்காரர் அந்த அம்மாளைத் திட்டவில்லை. நேராக எங்கள் ரொட்டிக்கடைக்காரரிடம் போய், "மானம் போவுதுய்யா, நீ ஒண்ணு போடு" என்று நின்றார். அந்த மனுஷர் அதுவரை பன்னும் ரொட்டியும் தவிர வேறு எதையும் போட்டதில்லை. மறுநாள் ஒரு கேக் வந்தது. அதை வெட்ட மரக்கடையிலிருந்து ரம்பம் கொண்டுவந்தார்கள் என்று சொல்வது கொஞ்சம் மிகை, உளிதான் கொண்டுவந்தார்கள். இருக்கிற பற்களை வைத்துக்கொண்டு மெத்தைக்காரர் மூன்று துண்டு தின்றார். "ஒடம்புல தெம்பு இருக்கறவன் திங்கற கேக்கு இது" என்றார்.

டீக்கடைக்காரருக்கும் அவருக்கும்தான் பெரிய மனஸ்தாபம். டீக்கடைக்காரர் ஒரு டஜன் கண்ணாடி கிளாஸை வெளியே வாங்கிவிட்டார். அன்றிலிருந்து மெத்தைக்காரர் வீட்டிலிருந்து சொந்த டம்ளரோடு வந்து, கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, "எனக்கு இதுல ஊத்து. இது நம்ம தெருப் பாத்திரம்" என்று நீட்டுவார். ஒரு வருஷம் இப்படி நடந்தது. டீக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றுவார். அவர் போன பிறகு எங்களிடம் சொல்வார்: "மாட்டுவாரு. ஒரு நாளைக்கி இவரே பையோட மாட்டுவாரு. அன்னிக்கி இருக்குது கச்சேரி."

இவ்வளவும் தெரிந்தும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஐப்பசிக் கடைசியில் பரேடு பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் கடையில் ஒரு மெரூன் ஸ்வெட்டரைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். எங்கள் தெருவில் தையல்கார பாய் ஸ்வெட்டர் விற்பது உண்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனால் பியூன்கூட மதிக்க மாட்டான்.

ஸ்வெட்டரை எப்படித் தெருவுக்குள் கொண்டுவருவது? சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டு, மேலே பட்டன்களைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மெத்தை உச்சியிலிருந்து குரல் வந்தது.

"என்னா தம்பி, காலைல போவும்போது ஒல்லியா இருந்தே?"

"ஆபீஸ்ல விருந்துண்ணா."

"ம்... நல்லா சாப்புடு."

அன்றிலிருந்து இரண்டு மாதம் அந்த ஸ்வெட்டர் சட்டைக்குள்ளேதான் குடியிருந்தது. தெருவைத் தாண்டியதும் பஸ் ஸ்டாப்பில் சட்டைக்கு மேல் மாற்றுவேன். திரும்பும்போது மறுபடி உள்ளே.

இந்த நிலைமையில்தான் அவருடைய ஒரே பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை மைசூரில் ஸ்கூல் வாத்தியார். பெண்ணுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது என்று தெருவுக்கே தெரியும். பாத்திரம், புடவை, வளையல், வெற்றிலைத் தட்டு வரை எல்லாம் எங்கள் தெருவிலேயே வாங்கியாயிற்று. அப்போது மைசூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஒரு கடிதம் போட்டார். மற்ற சீர் எது குறைந்தாலும் பரவாயில்லையாம். மகனுக்கு முதுகுவலியாம். பெங்களூரில் இப்போது புதிதாக விற்கிறதாமே, ரப்பர் மெத்தை, அது ஒன்று மட்டும் வேண்டுமாம். சம்பந்தி மெத்தை விஷயம் தெரிந்தவர் என்பதால் நல்லதாகப் பார்த்து வாங்குவாராம்!

மெத்தைக்காரர் மூன்று நாள் யாருடைய பையையும் பார்க்கவில்லை. பஞ்சு அடிக்கிற வில்லைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். கல்யாணத்தையே நிறுத்தப்போகிறேன் என்றும் ஒரு தரம் கத்தினார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நிறுத்திடு. பொண்ணை ஊட்லயே வெச்சிக்க. தெருவைக் கட்டிக் குடுத்துடு."

நாலாம் நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு மாதிரியாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தம்பி, ஸ்வெட்டர் வாங்கினியே, அந்தக் கடையில ரப்பர் மெத்தை இருக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஸ்வெட்டர்ண்ணா?"

"ரெண்டு மாசமா சட்டைக்குள்ள வெச்சி வளக்கறியே, அதான். மெரூன் கலர். நாளைக்கி லீவு போடு. எனக்கு வழி தெரியாது."

மறுநாள் அந்தக் கடையில் அவர் நடத்திய பரீட்சையை நான் சாகும்வரை மறக்க முடியாது. ரப்பர் மெத்தையைக் குத்தினார், கிள்ளினார், முகர்ந்தார், ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறிப் படுத்தே விட்டார். டை கட்டிய விற்பனையாளர் பதறிப்போய் ஓடி வந்தார். மெத்தைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் கிடந்தார். எழுந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"நல்லாத்தான் இருக்குது, தம்பி" என்றார் என் காதில் மட்டும் கேட்கும்படி.

திரும்பும்போது ஒரு யோசனை வைத்திருந்தார். மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கி, தன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கோடு போட்ட மெத்தைத் துணியை மேலே சுற்றி, ஜட்காவில் ஏற்றிவிட்டால் பஞ்சு மெத்தை என்றே எல்லோரும் நினைப்பார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பஞ்சு மெத்தை சுருட்டினால் சுருட்டினபடி கிடக்கும், ரப்பர் அப்படி இருக்காது என்பதை நாற்பது வருஷ அனுபவத்தில் அவர் எங்கே தெரிந்துகொண்டிருக்கப் போகிறார்? சரியாகத் தெருமுனையில் குதிரை ஒரு குலுக்குக் குலுக்கியது. கயிறு அறுந்தது. மெத்தை துணியைக் கிழித்துக்கொண்டு விரிந்து, எகிறி, நடுத்தெருவில் விழுந்து, இரண்டு தரம் துள்ளிவிட்டுத்தான் அடங்கியது.

மணி நாலு. நல்ல வெயில். எல்லாக் கடையும் திறந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

மெத்தைக்காரர் ஜட்காவிலிருந்து இறங்கி நின்றார். மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் கடையைவிட்டு வெளியே வந்தார். ஒரு வருஷமாகக் காத்திருந்த மனுஷர். கச்சேரி ஆரம்பிக்கப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பப்பா, இன்னிக்கி என்னா குளுரு!" என்று டீக்கடைக்காரர் குரல் கேட்டது. "கைகால் வெறைக்குது. நான் கடையை மூடறேன்பா."

கண்ணைத் திறந்தேன். அவர் நிஜமாகவே பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா, தாங்கல" என்று ரொட்டிக்கடைக்காரர், நெற்றி வேர்வையைத் துடைத்தபடி படுதாவை இறக்கினார்.

"ஊசி மேல கை நிக்கல, யா அல்லா" என்று தையல்கார பாய் கதவைச் சாத்தினார். பாத்திரக்கடை, வளையல்கடை, முடிவெட்டும் கடை, எல்லாம் வரிசையாக மூடிற்று. ஐந்து நிமிஷத்தில் தெருவில் நாங்கள் இரண்டு பேரும் ஜட்காக்காரரும் குதிரையும்தான். நானும் அவரும் மெத்தையை ஆளுக்கொரு முனை பிடித்து, அவர் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் இறக்கி வைத்துவிட்டு அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா தம்பி," என்றார். மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு மெத்தைக்காரர் வாசலில் உட்காரவில்லை. கடைக்குள்ளே ஒரு மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு தைத்தார். எங்கள் எல்லை திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் வாங்கத் தோன்றவில்லை.

ஒரு வாரம்தான் பொறுத்தோம். எட்டாம் நாள் டீக்கடைக்காரர் வேண்டுமென்றே சிவாஜிநகர் போய், ஒரு பை நிறையக் கத்திரிக்காய் வாங்கி வந்து, நேரே மெத்தைக்கடைக்குள் நுழைந்து பையை விரித்தார்.

"அண்ணா, பாருங்க."

மெத்தைக்காரர் தலையைத் தூக்கவில்லை. "எனக்கென்னாத்துக்குக் காட்டற?"

"வேற யாருக்குக் காட்டறது? பாருங்கண்ணா, செவாஜிநகர் கத்திரிக்கா!"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

"இதுல பாதி சொத்தை! கண்ணு இருக்குதா உனக்கு? நம்ம தெருல..." என்று ஆரம்பித்து எழுந்தார். எழுந்தவர் பேசிக்கொண்டே வாசலுக்கு வந்து, பேசிக்கொண்டே மெத்தைகள் மேல் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்து என் முறை. சட்டைக்கு மேலே மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தெருவறிய அவர் எதிரில் போய் நின்றேன். என்னையும், என் ஆபீஸையும், அந்தக் கண்ணாடி ஜன்னல் கடையையும் சேர்த்து அரைமணி நேரம் திட்டினார். அந்த ஸ்வெட்டர் எத்தனையோ குளிர்காலம் என்னிடம் இருந்தது. அன்றைக்கு இருந்த கதகதப்பு அதில் வேறு என்றைக்கும் இருந்ததில்லை.