வன்தட்டு எழுப்பிய வினா

'நான் யார்?' என்ற கேள்விக்கு நம் ஞானிகள் எப்போதோ விடை கண்டு சொல்லிவிட்டார்கள். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்பதிலும் விஞ்ஞானிகள் ஏறக்குறைய ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மனித குலத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்விதான். அது கொடைக்கானலில், மலைப்பாதைப் பராமரிப்புப் பிரிவு அலுவலகத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கண்காணிப்பாளர் நாச்சிமுத்துவின் கணினித் திரையில் எழுந்தது.

'இந்த டிரைவில் ஏதோ பிரச்சினை இருக்கிறது. ஸ்கேன் செய்து சரிசெய்யவா? செய்யாமல் தொடரவா?'

நாச்சிமுத்து நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவருக்கு உத்தரவு வந்திருக்கிறது, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அபிப்பிராயம் கேட்டு யாரும் வந்ததில்லை. கேட்பது கையகல ஹார்டு டிஸ்க்தான் என்றாலும் மரியாதை மரியாதைதானே.

அந்த டிஸ்க்கில் இருந்தது, கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கிற வெள்ளகவி கிராமத்துக்காரர்களின் பாலம். ஐப்பசி மழையில் ஓடை பொங்கி, ஊரிலிருந்து தோட்டங்களுக்குப் போகிற பாதையில் கிடந்த மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதன்பின் ஊர்ச்சனம் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் ஓடையைத் தாண்டினார்கள். அலுவலக உதவியாளர் சண்முகப்பிரியா ஒத்தையடிப் பாதையில் இறங்கிப் போய், இரண்டு நாள் தங்கி, அளவெடுத்து, அலுவலகக் கேமராவில் நூற்று நாற்பது படம் பிடித்து வந்தாள். விதிப்படி எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றினாள். விதிப்படி கேமராவில் இருந்த படங்களை அழித்தாள். விதிப்படி டிஸ்க்கைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தாள். அவர் அன்றே அதைச் செருகிப் படங்களை எண்ணிச் சரிபார்த்து, வயரை இழுத்து எடுத்துவைத்தார். அவர் அதை மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் கம்பிப் பாலத்துக்கு அனுமதி வரும். ஒரு பொத்தானை அழுத்துகிற சோலி.

"மேல இருக்கிறத அழுத்துங்க சார். எதுவும் ஆகாது" என்றாள் சண்முகப்பிரியா.

"சரிசெய்யவான்னுல்ல கேக்குது. அரசாங்க ஆவணத்தச் சரிசெய்ய நாம யாரும்மா?"

"அப்ப கீழ இருக்கிறத அழுத்துங்க."

"பிரச்சினை இருக்குன்னு தெரிஞ்சே தொடர்ந்தீங்களான்னு நாளைக்கு ஆடிட்ல கேட்டா?"

இதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் நாச்சிமுத்துவின் சரித்திரம் அறியாதவர்கள். அவர் பழனியில் எழுத்தராக இருந்தபோது ஒரு பதிவேட்டில் ஆண்டிச்சாமி என்ற விவசாயியின் பெயர் 'ஆண்டிச்சாபி' என்று கிடந்தது. இளரத்த வேகத்தில் அந்த ஒரு எழுத்தைத் திருத்திவிட்டார். விசாரணை நான்கு வருடம் நடந்தது. தவறாக எழுதியது யார் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. திருத்தியது யார் என்றுதான் கேட்டார்கள். அந்த நான்கு வருடத்தில் அவருக்கு வந்த பதவி உயர்வு போனது, சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து எழுத்துப் பிழையைக் கண்டால் அவர் பாம்பைக் கண்டதுபோல ஒதுங்கிப் போவார்.

ஆகவே அவர் இரண்டில் எதையும் அழுத்தவில்லை. வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து டிஸ்க்கை விடுவித்தார். ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, மேலே பழனித் திருநீறு கொஞ்சம் தூவி, பீரோவில் வைத்துப் பூட்டினார். 'வெளி வன்தட்டு எழுப்பிய வினா - தொடர்பாக' என்று ஒரு கோப்பைத் திறந்தார். ஒரு மாபெரும் நிர்வாகப் பணி தொடங்கியது.

முதல் ஆய்வுக் கூட்டம் வெள்ளிக்கிழமை கூடியது. டிஸ்க்கைச் செருகினார்கள். கேள்வி வந்தது. எல்லாரும் படித்தார்கள். 'ஏதோ பிரச்சினை' என்பதில் 'ஏதோ' என்றால் என்ன என்று வரையறுக்காமல் மேற்கொண்டு நகர முடியாது என்று முடிவாகி, அதற்கொரு துணைக்குழு அமைக்கப்பட்டது. 'ஸ்கேன்' குறித்தும் விவாதம் நடந்தது. கணக்குப் பிரிவுக்காரர் அனுபவஸ்தர். "ஸ்கேன்னா மதுரைக்குத்தான் சார் போகணும். என் சம்சாரத்துக்கே அங்கதான் எடுத்தோம்" என்றார். அதுவும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. கூட்டம் முடிந்ததும் நாச்சிமுத்து வழக்கம்போல ஒரே இழுப்பில் டிஸ்க்கைப் பிடுங்கி உள்ளே வைத்தார்.

இரண்டாம் கூட்டத்தில் செருகினார்கள். அதே கேள்வி. மூன்றாம் கூட்டத்தில் சகுனம் சரியில்லையோ என்று வேறு துளையில் செருகினார்கள். அதே கேள்வி. அதன் மனவுறுதி அலுவலகத்தையே நெகிழவைத்தது. இடையில் சண்முகப்பிரியா, தானே அழுத்துவதாகவும் எது நடந்தாலும் தானே பொறுப்பு என்றும் எழுதிக் கொடுத்தாள். பொறுப்பேற்க அவளுக்கு அதிகாரம் உண்டா என்று தெளிவுரை கேட்டு அந்தக் கடிதத்துக்குத் தனிக் கோப்பு போடப்பட்டது. அந்த டிஸ்க்கை விட்டுவிடுங்கள், நான் மறுபடி இறங்கிப் போய்ப் படம் எடுத்து வருகிறேன் என்றும் சொன்னாள். ஒரே பணிக்கு இரண்டு முறை பயணப்பட விதியில் இடமில்லை என்று நாச்சிமுத்து வருத்தத்தோடு சொன்னார். உண்மையிலேயே வருத்தம்தான். அன்று அவர் மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டார்.

இதற்கிடையே வெள்ளகவியிலிருந்து சின்னத்தாயி என்ற பெண் வாரம் ஒருமுறை மலையேறி வந்துபோனாள். ஊர் சார்பில் விசாரிக்க அவளைத்தான் அனுப்பியிருந்தார்கள். வெள்ளனே கிளம்பினால் பத்து மணிக்கு அலுவலகம் வந்து சேர்வாள். "டிஸ்க்கு கேள்வி கேட்டுக்கிட்டிருக்கு" என்று அவளுக்குப் பதில் சொல்லப்பட்டது. முதல் தடவை அவள் சரி என்று போய்விட்டாள். இரண்டாம் தடவை, என்ன கேள்வி என்று கேட்டாள். சொன்னார்கள். சற்று யோசித்து, "சரிபண்ணட்டுமான்னு கேட்டா, பண்ணுன்னு சொல்ல வேண்டியதுதான சார்" என்றாள். படிப்பறிவில்லாதவர்களுக்கு நிர்வாகத்தின் சிக்கல் புரிவதில்லை என்று நாச்சிமுத்து பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்.

ஆறாவது கூட்டத்துக்கு மறுநாள் அவள் வந்தபோது முறை நாள் அல்ல. சேலையில் காய்ந்த சேறு இருந்தது. நேராக நாச்சிமுத்துவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நேற்று மிளகு மூட்டையோடு ஓடையைத் தாண்டும்போது கயிறு அறுந்து, அவள் புருஷன் அழகுமலை பாறையில் விழுந்துவிட்டான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துபோனது. நாற்காலியில் வைத்துக் கட்டி எட்டுப் பேர் முறை மாற்றித் தூக்கி மேலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

நாச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"பாலத்தப் பத்திக் கேக்க வரல சார். அத ஊர்ல நாங்களே போட்டுக்கிறோம். இந்தப் பிள்ள படம் எடுத்தப்ப எங்க வீட்டுக்காரரு ஓடக்கரையில நின்னாரு. ரெண்டு காலும் ஊணி நிக்கிற படம் அது ஒண்ணுதான் இருக்கு. இனிமே அப்படி நடப்பாரோ என்னமோ, டாக்டரு உறுதி சொல்லல. அத மட்டும் எடுத்துக் குடுங்க, போயிருதேன்."

நாச்சிமுத்து பீரோவைத் திறந்தார். கூட்டம் கூட்டவில்லை, குறிப்பு எழுதவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் மனோஜ்குமாரைக் கூட்டிவரச் சொன்னார்.

மனோஜ்குமார் வந்தான். டிஸ்க்கைச் செருகினான். கேள்வி வந்தது. ஸ்கேன் என்று அழுத்திவிட்டு, குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சொறிந்து முடிப்பதற்குள் ஸ்கேன் முடிந்துவிட்டது. ஒரு பிழையும் இல்லை என்றது திரை.

"டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு சார். கழட்டப் போறேன்னு கம்ப்யூட்டர்ட்ட சொல்லி எஜெக்ட் பண்ணாம யாரோ வெடுக்குனு பிடுங்குறாங்க. பிடுங்கப் பிடுங்க, என்னைய யாரும் ஏதும் பண்ணிட்டாகளான்னு அது பயந்துபோயி கேக்கும். அம்புட்டுத்தான். யாரு சார் பிடுங்குறது?"

அலுவலகமே சுவர்க் காலண்டரை ஆர்வமாகப் பார்த்தது. நாச்சிமுத்து மஞ்சள் துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். சண்முகப்பிரியா அழகுமலையின் படத்தை அச்செடுத்துச் சின்னத்தாயியிடம் கொடுத்தாள். அவள் அதை முந்தானையால் ஒரு தடவை துடைத்து, மடங்காமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனாள்.

படங்களோடு பாலத்தின் அறிக்கை அன்று மாலையே மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாவட்டத்திலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கு வர மேலும் ஆறு வாரம் ஆனது. அதற்குள் வெள்ளகவிக்காரர்கள் சில்வர் ஓக் மரம் நாலு வெட்டி, இரும்புக் கம்பி இழுத்துக் கட்டி, இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்தில் பாலம் போட்டுவிட்டார்கள். மேலதிகாரி அதன்மேல் நடந்து பார்த்தார். குதித்தும் பார்த்தார். பாலம் இருக்கிறது, செலவு இல்லை, கோப்பு முழுமையாக இருக்கிறது. இப்படியொரு திட்டத்தை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. குடியரசு தின விழாவில் நாச்சிமுத்துவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் என்று அங்கேயே அறிவித்தார். வாசகத்தை அலுவலகமே தயாரித்து அனுப்பட்டும் என்றார்.

தட்டச்சு வேலை சண்முகப்பிரியாவுடையது. மேலதிகாரி ஐம்பது சான்றிதழ்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

விழாவன்று பனி விலகி நல்ல வெயில். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நாச்சிமுத்து புதுச் சட்டையில் மேடையேறினார். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கணீரென்று வாசித்தார்:

"வெள்ளகவி ஓடைப் பாலப் பணியில், கிராம மக்கள் தாங்களே பாலம் அமைத்துக்கொள்ளப் போதிய கால அவகாசம் வழங்கியமைக்காகவும், அழகுமலை என்பவரின் கால் முறியும்வரை அந்த அவகாசத்தில் ஒரு நாளும் குறையாமல் பாதுகாத்தமைக்காகவும், திரு. நாச்சிமுத்து அவர்களின் தன்னலமற்ற சேவை பாராட்டப்படுகிறது."

கைதட்டல் மைதானத்தை நிறைத்தது. முதலில் தட்டியவர் மேலதிகாரி. வாசித்ததைக் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருத்தி அதைத் தட்டச்சு செய்தவள். மற்றவர் மேடையில் தலை குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டிருந்தார்.