சிவப்புச் சட்டைப் பையன் தொலையவில்லை

பையன் இரண்டாவது தடவையும் கிடைத்துவிட்டான்.

தசரதன் தலையில் கைவைத்துக்கொண்டு நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பௌர்ணமி நாள், மாலை நாலு மணி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை நிரம்பி வழிந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே மும்பையிலிருந்து வந்த இந்திப் படக் கம்பெனி அன்றைக்கு ஒரே ஒரு காட்சியை எடுக்க வேண்டும். ஆறு வயசுப் பையன் அம்மாவின் கையை நழுவவிட்டுத் தொலைந்துபோக வேண்டும். அவன் இப்போது தொலைந்தால்தான் இருபது வருஷம் கழித்து, ஆள் தெரியாமல் சொந்த அண்ணனையே போட்டுப் புரட்டி எடுக்க முடியும். படமே அதுதான்.

ஆனால் திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று ஒரு குழந்தை தொலைவது அவ்வளவு லேசான காரியமில்லை. அழுகிற குழந்தை கண்ணில் பட்டால் தூக்கிப்போய்ப் பெற்றவளிடம் கொடுப்பதும், பெற்றவள் அகப்படாவிட்டால் மைக் பந்தலில் சேர்ப்பதும் இங்கே யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்துவிடும்.

முதல் தடவை, வேகவைத்த வேர்க்கடலை விற்கிற எல்லம்மாள் கூடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். பையனை அள்ளி, அம்மாவாக நடிக்கும் மும்பை நடிகையின் இடுப்பில் உட்கார வைத்து, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரை ஒரு பிடி பிடித்தாள்.

"ஏம்மா, புள்ளைய வுட்டுட்டு இன்னா வேடிக்க பாத்துனு இருக்கற?"

தமிழ் தெரியாத நடிகை, உதவி இயக்குநர் இளஞ்செழியனிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். முகம் சுண்டிப்போயிற்று. இரண்டாவது தடவை பையனைத் தூக்கிவந்தவர் போளூர்க்காரர். அவரும் அச்சு மாறாமல் அதையே கேட்டார்.

"சார், ஆறு மணிக்கு மேல வெளிச்சம் இருக்காது" என்றான் இளஞ்செழியன். "இன்னிக்கு முடியலன்னா வேற ஊர் பாத்துக்கலாம்னு டைரக்டர் சொல்றாரு."

தசரதன் துள்ளி எழுந்தார். 'உள்ளூர் மேனேஜர்' என்று கழுத்தில் அட்டை மாட்டிய நாளிலிருந்து சொந்த ஊரான கீழ்பென்னாத்தூர் பூராவும் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். டீக்கடையில் அவருக்கென்று தனி நாற்காலி வேறு போடுகிறார்கள். படம் ஊர் மாறினால் எந்த முகத்தோடு அதில் போய் உட்காருவது?

"அப்பா, அந்தப் பையன் எதுக்குத் தொலையணும்?"

கேட்டவள் அவர் மகள் கவிநிலா. ஒன்றாம் வகுப்பு. ஷூட்டிங் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். காலையிலிருந்து இது நாற்பதாவது கேள்வி.

"கதை அப்படிம்மா."

"அவங்க அம்மா ஏன் கைய வுட்டாங்க?"

"கவனமில்லாம வுட்டுட்டாங்க. கொஞ்சம் சும்மா இரு."

தசரதன் யோசித்தார். மைக் பந்தலுக்குப் போய், அறிவிப்புச் செய்கிற அருள்ராஜின் காதில் விஷயத்தைப் போட்டார். அடுத்த நிமிஷம் ஸ்பீக்கர்கள் முழங்கின.

"பக்தர்கள் கவனத்துக்கு! செகப்புச் சட்ட போட்ட பையன் யாரும் தொலையல. தொலஞ்ச மாதிரி நடிக்கறான். தயவுசெஞ்சு யாரும் கண்டுபுடிக்க வேணாம்!"

அதுவே வினையாகிவிட்டது. நடந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று நின்றது.

"எந்தப் பையன்?"

"எங்க நடிக்கறான்?"

ஆளாளுக்குப் ஃபோனைத் தூக்கிக்கொண்டு தேட ஆரம்பித்தார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த வேறொரு சிவப்புச் சட்டைப் பையனை இருபது பேர் சூழ்ந்து செல்ஃபி எடுத்தார்கள். அவனும் சளைக்காமல் போஸ் கொடுத்தான்.

இனி ஊர்க் கூட்டத்தை நம்பிப் பயனில்லை என்று தசரதன் கீழ்பென்னாத்தூருக்குப் ஃபோன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு வேன்களில் நாற்பது சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கேமராவுக்கு முன்னால் அவர்கள்தான் நடப்பார்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் என்று ஏற்பாடு ஆயிற்று.

டேக் அருமையாகத்தான் தொடங்கியது. நாற்பது பேரும் பக்தியோடு நடந்தார்கள். பையன் கையை நழுவவிட்டான். நடிகை பதறியடித்துத் தேடினார். அவருக்கு எதிரே வந்த சரோஜா சித்தி நின்றாள்.

"அதோ, கம்பத்தாண்ட நிக்குது பாரும்மா! புள்ளைய வுட்டுட்டு இன்னா வேடிக்க பாத்துனு இருக்கற?"

"கட்!"

நடிகை அந்த வாக்கியத்தைத் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார். பாவம், அன்றைக்கு அவர் மனப்பாடம் செய்த வசனம் அது ஒன்றுதான்.

"இன்னா சித்தி இது?" என்று தசரதன் அழாக்குறையாகக் கேட்டார்.

"மனசு கேக்கலடா. பெத்தவ அப்படித் தேடறா, பாத்துனே எப்படிடா போறது?"

"மனச வூட்ல வெச்சுட்டு வரணும் சித்தி!" அவர் நாற்பது பேரையும் பார்த்துக் கத்தினார். "இனிமே எந்தப் புள்ள அழுதாலும், எப்படி அழுதாலும், ஒருத்தரும் திரும்பக் கூடாது. அது சினிமா. மலைய மட்டும் பாத்துனு நடங்க!"

இப்போது புதுச் சிக்கல். பையன் அழ மறுத்தான். தொலைந்த ஒவ்வொரு தடவையும் யாராவது வேர்க்கடலை கொடுத்தார்கள், பலூன் கொடுத்தார்கள், பஞ்சுமிட்டாய் வாங்கித் தந்தார்கள். தொலைவது அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்து என்ன கிடைக்கும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடைசி டேக்காம் சார்" என்றான் இளஞ்செழியன்.

தசரதன் மகளின் கையை விட்டுவிட்டு, மலையைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு மானிட்டர் பக்கம் ஓடினார்.

பையன் தொலைந்தான். சிரித்துக்கொண்டே தொலைந்தான். போச்சு என்று தசரதன் நினைத்தார். அப்போதுதான் பையன் ஒரு பக்கமாகத் திரும்பி எதையோ பார்த்தான். சிரிப்பு நின்றது. உதடு பிதுங்கியது. அடுத்த கணம் ஓவென்று அழ ஆரம்பித்தான். சொந்தக்காரர்கள் நாற்பது பேரில் ஒரு தலை திரும்பவில்லை. சரோஜா சித்திகூட முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

டைரக்டர் ஓடிவந்து தசரதனைக் கட்டிக்கொண்டார். படம் இனி இந்த ஊரில்தான் என்று இளஞ்செழியன் மொழிபெயர்த்தான். டீக்கடை நாற்காலி பிழைத்தது.

கேமராவை மூட்டை கட்டுகிற வரைக்கும் தசரதனுக்கு ஒரு விஷயம் மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. "எப்படிப்பா திடீர்னு அழுதான்?"

இளஞ்செழியன் பையனிடம் இந்தியில் விசாரித்துவிட்டு வந்தான். "பக்கத்துல ஒரு பாப்பா அழுதுச்சாம் சார். அதப் பாத்து இவனுக்கும் அழுகை வந்துடுச்சாம்."

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்!" என்று தசரதன் வாயார வாழ்த்தினார்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"கீழ்பென்னாத்தூர் தசரதன் எங்க இருந்தாலும் மைக் பந்தலுக்கு வரவும். உங்க பொண்ணு கவிநிலா ரொம்ப நேரமா அழுதுனு இருக்குது."

தசரதன் தன் வலது கையைப் பார்த்தார். காலியாக இருந்தது. விழுந்தடித்து ஓடினார். வழியில் சரோஜா சித்தி நின்றிருந்தாள்.

"சித்தி, கவிநிலாவ நீ பாக்கலியா?"

"பாத்தேனே. நீதானே எந்தப் புள்ள அழுதாலும் திரும்பாதன்னு சொன்ன? நல்லா நடிக்குதேன்னு நெனச்சுனே போயிட்டேன்."

பந்தலில் கவிநிலா, விசும்பலும் வேர்க்கடலையுமாக, மும்பை நடிகையின் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எல்லம்மாள். மூச்சிரைக்க வந்து நின்ற தசரதனை நடிகை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எல்லம்மாளைப் பார்த்தார். அவள் தலையசைத்து அனுமதி கொடுத்ததும், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, ஓர் எழுத்து பிசகாமல் கேட்டார்:

"ஏம்மா, புள்ளைய வுட்டுட்டு இன்னா வேடிக்க பாத்துனு இருக்கற?"